எஞ்சினைத் திரும்பக் கோர்க்கும்போது போல்ட் முறியாமல் இருக்க என்ன செய்ய வேண்டும்?

அம்பை வயல்:

அண்ணாச்சிமாருக்கு வணக்கம். எங்கள் வீட்டில் மூன்று சிலிண்டர் பழைய டீசல் டிராக்டர் ஒன்று இருக்கிறது. எஞ்சின் பிளாக்குக்கும் அதன் மேல்மூடியான ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் ஹெட் கேஸ்கட் போய் தண்ணீரும் ஆயிலும் கலந்துவிட்டதால் ஹெட்டைக் கழற்றி, வண்ணார்பேட்டையில் கொடுத்து மட்டம் பார்த்து வாங்கி வந்துவிட்டோம். பாபநாசம் அணையில் பிசான நெல் சாகுபடிக்குத் தண்ணீர் திறந்தால் உழவுக்கு வண்டி வேண்டும். நானும் மச்சானும் வீட்டிலேயே கோர்க்கலாம் என்று இருக்கிறோம்.

போன சாகுபடிப் பூவில் பக்கத்து ஊரில் ஒருவர் இதே வேலையைச் செய்தபோது ஹெட் போல்ட் ஒன்று பிளாக்குக்குள்ளேயே முறிந்து நின்றுவிட்டது. அதை எடுத்து முடிப்பதற்குள் நடவே முடிந்துவிட்டது. எங்களுக்கு அப்படி ஆகக் கூடாது. போல்ட்டின் மரையில் (திருகு வரியில்) ஆயில் போடலாமா, கூடாதா? பழைய போல்ட்டையே திரும்பப் போடலாமா? கைக்கணக்கே போதும் என்று ஒருவர் சொல்கிறார், இறுக்கும் பலத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லாமல் ஹெட்டைத் தொடாதே என்று இன்னொருவர் சொல்கிறார். எங்களிடம் பழைய டார்க் ரெஞ்ச் ஒன்று இருக்கிறது. அதில் அடி-பவுண்டு, மேனுவலில் நியூட்டன் மீட்டர்.

வள்ளியூர் டீசல்:

தம்பி, ஸ்பானரைக் கையில் எடுப்பதற்கு முன்னால் பிளாக்கில் இருக்கும் போல்ட் ஓட்டைகளைப் பாருங்கள். கோர்க்கும்போது முறிகிற ஹெட் போல்ட்டில் பாதிக்கு மேல் ஓட்டையிலிருந்து வருகிற வினை என்பது என் கருத்து.

ஹெட்டைத் தூக்கும்போது தண்ணீரும் ஆயிலும் வழிந்து அந்த ஓட்டைகளில் இறங்கும். அடி மூடிய ஓட்டையாக இருந்தால் அந்தத் திரவம் அங்கேயே நிற்கும். மேலிருந்து போல்ட் இறங்கும்போது அதற்குப் போக்கிடம் கிடையாது. ஊசி முனையை அடைத்துக்கொண்டு சிரிஞ்சை அழுத்தினால் எப்படி இருக்கும், அதே கதைதான். திரவம் அமுங்காது. ஸ்பானருக்கு போல்ட் டைட் ஆகிவிட்டது போலத் தெரியும், ஆனால் ஹெட் இன்னும் அமர்ந்திருக்காது. அதற்கு மேலும் பலம் கொடுத்தால் ஒன்று போல்ட் முறியும், இல்லையென்றால் வார்ப்பிரும்பு பிளாக் விரியும். பிளாக் விரிந்தால் முறிந்த போல்ட்டை விடப் பெரிய செலவு.

அதனால் முதலில் சிரிஞ்சில் சிறு டியூப் மாட்டித் திரவத்தை உறிஞ்சி எடுங்கள். அப்புறம் கம்பியில் துணி சுற்றித் துடையுங்கள். கடைசியாக கம்ப்ரசர் காற்று. காற்று அடிக்கும்போது ஓட்டையின் வாயில் துணியைப் போட்டு மூடிக்கொள்ளுங்கள், கண்ணாடி போடாமல் செய்யாதீர்கள். பழைய ஆயிலோடு துருத்தூளும் நேராக முகத்துக்கு வரும். சிலிண்டர் வாய்களையும் முன்பே அடைத்து வையுங்கள்.

அடுத்தது விரல் சோதனை. கேஸ்கட்டும் ஹெட்டும் வைப்பதற்கு முன்னால் ஒவ்வொரு போல்ட்டையும் அதன் ஓட்டையில் வெறும் விரலால் திருகிப் பாருங்கள். அடிவரைக்கும் விரலிலேயே போக வேண்டும். நடுவில் பிடித்தால் அங்கே அழுக்கோ, அடிபட்ட மரையோ இருக்கிறது. ஸ்பானர் போட்டு அதைத் தாண்ட வைக்கக் கூடாது.

மேலப்பாளையம் லேத்து:

வள்ளியூர் அண்ணாச்சி சொன்னதை அப்படியே பிடித்துக்கொள்ளுங்கள். முறிந்த போல்ட் எடுக்க எங்களிடம் வருகிற வேலை நிறைய. அதில் ஓட்டைக்குள் துரு, பழைய பேக்கிங் பேஸ்ட், மணல் இதில் ஏதாவது ஒன்று கிடக்காத கேஸ் குறைவு.

மரையைச் சுத்தம் செய்யப் பலர் கடையில் மரை போடும் கருவியான டேப்பைப் புதுசாக வாங்கி ஓட்டிவிடுகிறார்கள். அது வெட்டுகிற டேப். நல்ல மரையிலிருந்தும் கொஞ்சம் இரும்பைச் சீவி எடுத்துவிடும், பிறகு மரை தளர்ந்துபோகும். இதற்கு வீட்டிலேயே ஒரு கருவி செய்யலாம். அதே அளவு, அதே மரை உள்ள நல்ல பழைய போல்ட் ஒன்றை எடுத்து, அதன் மரைப் பகுதியில் நீளவாக்கில் மூன்று நான்கு காடி வெட்டுங்கள். வெட்டிய ஓரத்தில் பிசிறு இல்லாமல் ராவிவிட்டு, கையால் ஓட்டைக்குள் திருகித் திருகி எடுங்கள். அழுக்கு காடிக்குள் சேர்ந்து வெளியே வரும், மரைக்குச் சேதம் இல்லை.

இன்னொன்று முக்கியம். நம் பக்கத்துப் பழைய டிராக்டர்களில் அங்குல மரை போட்ட எஞ்சின்கள் இன்னும் ஓடுகின்றன. 5/16 அங்குல போல்ட்டின் விட்டம் 7.94 மில்லிமீட்டர். 8 மில்லிமீட்டர் போல்ட்டோடு பக்கத்தில் வைத்தால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் மரை இடைவெளி வேறு. இரண்டு சுற்று போகும், அப்புறம் பிடிக்கும். அங்கே ஸ்பானர் போட்டால் முடிந்தது. 10 மில்லிமீட்டரிலேயே 1.5 இடைவெளியும் உண்டு, 1.25 இடைவெளியும் உண்டு. மரை கேஜ் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், விலை பெரிதில்லை. கேஜ் இல்லையென்றால் தெரிந்த போல்ட்டின் மரையோடு மரையைச் சேர்த்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், இடைவெளி தெரிந்தால் ஜோடி சேராது.

டவுன் பட்டறை:

எல்லாம் சரி. ஆனால் டார்க் ரெஞ்ச் இல்லாவிட்டால் ஹெட்டே போட முடியாது என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நெல்லை டவுனில் என் அப்பா காலத்திலிருந்து கைக்கணக்கில்தான் வேலை நடக்கிறது. போல்ட் எப்போது அமர்கிறது என்று கைக்குத் தெரியும். அப்புறம் மரையில் ஆயில் போடுவதும் எனக்குச் சம்மதமில்லை. வழுக்கிக்கொண்டு தானாகக் கழன்றுவிடும். காய்ந்த மரைதான் பிடித்து நிற்கும்.

பணகுடி காற்றாலை:

அண்ணாச்சி, உங்கள் அனுபவத்துக்கு மரியாதை வைத்தே சொல்கிறேன். நான் காற்றாலைப் பராமரிப்பில் இருக்கிறேன். எங்கள் வேலையே போல்ட்தான். கோபுரத் துண்டுகளை இணைக்கும் போல்ட்டிலிருந்து இறக்கைகளைப் பிடிக்கும் போல்ட் வரை எல்லாவற்றுக்கும் கணக்கு உண்டு. ஆடிக் காற்றில் அதைத்தான் நம்பி நிற்கிறோம்.

போல்ட் பிடித்து நிற்பது மரை உரசுவதால் மட்டும் இல்லை. இறுக்கும்போது போல்ட் மிகக் கொஞ்சமாக நீளுகிறது. நீண்ட இரும்பு பழைய நிலைக்குத் திரும்பப் பார்க்கிறது. அந்த இழுப்புதான் ஹெட்டையும் பிளாக்கையும் சேர்த்து அமுக்கி வைத்திருக்கிறது. நமக்கு வேண்டியது அந்த இழுப்பு. ஆனால் நாம் ஸ்பானரில் கொடுக்கும் பலத்தில் ஏறக்குறைய பாதி போல்ட் தலைக்கு அடியில் உரசுவதிலேயே போய்விடுகிறது. இன்னொரு 40 சதவீதம் மரை உரசுவதில் போகிறது. போல்ட்டை நீட்டுவதற்குக் கிடைப்பது சுமார் 10 சதவீதம்தான்.

கைக்குத் தெரிவது மொத்தப் பலம். அதில் உரசல் எவ்வளவு, நீட்சி எவ்வளவு என்று எந்தக் கையாலும் பிரித்துச் சொல்ல முடியாது. துருப்பிடித்த மரையில் கை 'டைட்' என்று சொல்லும்போது போல்ட் நீண்டே இருக்காது. அதே பலத்தை வழவழப்பான மரையில் கொடுத்தால் போல்ட் அதன் எல்லையைத் தாண்டியிருக்கும். டார்க் ரெஞ்சுக்கும் இதே குறை உண்டு, அதை நான் மறைக்கவில்லை. அதனால்தான் மரை எந்த நிலையில் இருக்க வேண்டும் என்றும் மேனுவலில் சொல்கிறார்கள். லேசாக ஆயில் தொட்டு என்று போட்டிருந்தால் அந்த எண் ஆயில் போட்ட மரைக்கு உரியது. காய்ந்த மரைக்கான எண்ணை வைத்துக்கொண்டு ஆயில் போட்டு இறுக்கினால் போல்ட்டுக்கு இழுப்பு கூடிவிடும், முறிவதற்கு அதுவே போதும். எங்கள் இடத்திலும் வழுக்குவதற்கான மாலிப்டினம் பேஸ்ட் போடச் சொன்ன போல்ட்டுக்கு மட்டும்தான் அதைப் போடுவோம்.

கழன்றுவிடும் என்ற பயமும் வேண்டாம். இழுப்பு சரியாக இருக்கும் போல்ட் ஆயில் இருந்தாலும் கழலாது. இழுப்புக் குறைவான போல்ட் காய்ந்திருந்தாலும் அதிர்வில் கழலும்.

மேலப்பாளையம் லேத்து:

இந்த இடத்தில் ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். குறைவாக இறுக்கினாலும் போல்ட் முறியும், இதைப் பலர் நம்புவதில்லை. முறிந்த துண்டின் முகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். அதிகம் இறுக்கி முறிந்ததில் முறிவுக்குப் பக்கத்தில் உடல் இழுபட்டு மெலிந்திருக்கும், முகத்தில் முறுக்கிய தடம் இருக்கும். லூஸாக இருந்து ஓடி ஓடிக் களைத்து முறிந்ததில் மெலிவே இருக்காது. ஓர் ஓரத்திலிருந்து வளைவு வளைவாக வரி ஓடியிருக்கும், கடைசியில் கொஞ்சம் இடம் மட்டும் சொரசொரப்பாக இருக்கும். வண்டி ஓடும்போது முறிந்தது என்று கொண்டுவருவதில் இரண்டாவது வகையை நிறையப் பார்க்கிறேன். அதற்குப் போய், போன தடவை குறைவாக இறுக்கிவிட்டோம் என்று ஒப்புக்கொள்ளாமல், போல்ட்டே மட்டம் என்று கடைக்காரரைத் திட்டுவார்கள்.

டவுன் பட்டறை:

பணகுடித் தங்கச்சி சொன்ன 10 சதவீதக் கணக்கு எனக்குப் புதுசு. யோசித்தால் சரியாகத்தான் படுகிறது. துருவேறிய மரையில் கை ஏமாறும் என்பது எனக்கே தெரிந்த விஷயம். ஹெட்டுக்கு டார்க் ரெஞ்ச் என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் ஹெட் போல்ட்டை விடச் சின்ன போல்ட்டுகள்தான் அதிகம் முறிகின்றன, அதைப் பற்றி யாரும் இன்னும் பேசவில்லை. டேப்பட் கவர், டைமிங் கவர், வாட்டர் பம்ப், பைக்கில் கிளட்ச் கவர். 6 மில்லிமீட்டர் போல்ட்டுக்குத் தேவை சுமார் 10 நியூட்டன் மீட்டர்தான். 20 சென்டிமீட்டர் ஸ்பானரின் நுனியில் ஐந்து கிலோ எடைக்குச் சமமான பலம். ஒரு கையின் இரண்டு விரலே போதும். 8 மில்லிமீட்டருக்குச் சுமார் 25. இதெல்லாம் 8.8 என்று தலையில் அடித்த போல்ட்டுக்குச் சொல்கிறேன், அலுமினியத்தில் இறங்கும் இடங்களில் இதைவிடக் குறைவாகவும் இருக்கும். அரை அங்குல ராட்செட்டில் சாக்கெட் மாட்டிக்கொண்டு 6 மில்லிமீட்டர் போல்ட்டைத் தொடுகிற பையன்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். என் பட்டறையில் சின்ன போல்ட்டுக்கு டி ஸ்பானர் மட்டும்தான். ஏர் கன்னைக் கோர்க்கும் வேலைக்கு எடுக்கவே விடமாட்டேன்.

அம்பை வயல்:

எல்லாருக்கும் நன்றி. ஓட்டைகளைச் சுத்தம் செய்துவிட்டோம், இரண்டு ஓட்டையில் தண்ணீர் நின்றது உண்மை. மேனுவலில் மரையிலும் தலைக்கு அடியிலும் எஞ்சின் ஆயில் தொடச் சொல்லியிருக்கிறது. டார்க் ரெஞ்சை எப்படி நம்புவது? அது சரியாகக் காட்டுகிறதா என்று வீட்டில் பார்க்க வழி உண்டா?

பணகுடி காற்றாலை:

முதலில் அலகு. 1 அடி-பவுண்டு என்பது 1.356 நியூட்டன் மீட்டர். மேனுவலில் 80 நியூட்டன் மீட்டர் என்று இருப்பதை ரெஞ்சில் 80 அடி-பவுண்டு என்று வைத்தால் 108 போய்விடும், மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கூடுதல். 80 நியூட்டன் மீட்டருக்கு 59 அடி-பவுண்டு வைக்க வேண்டும். சில ரெஞ்சில் அங்குல-பவுண்டும் இருக்கும், 12 அங்குல-பவுண்டு சேர்ந்தால்தான் 1 அடி-பவுண்டு. பழைய மேனுவல்களில் கிலோகிராம்-மீட்டர் வரும், அதை 9.8-ஆல் பெருக்குங்கள். எல்லா எண்களையும் வேலைக்கு முன்பே மாற்றி, ஒரு அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள். கை எண்ணெயோடு கணக்குப் போடக் கூடாது.

சோதனைக்கு ரெஞ்சின் சதுர முனையை வைசில் பிடித்து, கைப்பிடி படுக்கையாக இருக்கும்படி வையுங்கள். கைப்பிடியின் நடுவில் எடையைக் கட்டித் தொங்கவிடுங்கள். சதுர முனையின் நடுவிலிருந்து கயிறு வரை அரை மீட்டர், எடை 10 கிலோ என்றால் 49 நியூட்டன் மீட்டர் ஆகிறது. ரெஞ்சின் சொந்த எடையும் இதோடு கொஞ்சம் சேரும். எடையை மெதுவாக இறக்கிப் பாருங்கள், அந்த அளவுக்குப் பக்கத்தில் 'டக்' என்று சொன்னால் நம்பலாம். அளவுக் கோட்டின் அடிப்பகுதியில் எந்த ரெஞ்சும் சரியாகச் சொல்லாது. 200 வரை போகும் ரெஞ்சை வைத்து 10 நியூட்டன் மீட்டர் பார்க்காதீர்கள். வேலை முடிந்ததும் ஸ்பிரிங்கைத் தளர்த்தி, குறைந்த அளவில் வைத்துப் பெட்டியில் போடுங்கள். அதை வைத்து போல்ட் கழற்றவும் கூடாது.

வள்ளியூர் டீசல்:

இறுக்கும் முறையும் சொல்லிவிடுகிறேன். நடுவில் இருக்கும் போல்ட்டிலிருந்து தொடங்கி இரண்டு பக்கமும் மாறி மாறி வெளியே போக வேண்டும். மேனுவலில் எண் போட்ட படம் இருந்தால் அதுதான் வேதம். ஒரே மூச்சில் முழு அளவுக்குப் போகாமல் மூன்று கட்டமாகப் போங்கள். கடைசிக் கட்டத்தில் இழுப்பு நிற்காமல் ஒரே சீராக வர வேண்டும். நடுவில் நிறுத்தித் திரும்பத் தொடங்கினால், நின்ற போல்ட்டை நகர்த்தவே கூடுதல் பலம் ஆகிவிடும், போல்ட் அசையாமலே ரெஞ்ச் 'டக்' சொல்லும்.

இதைவிடப் பெரிய அறிகுறி ஒன்று. ஸ்பானர் திரும்பிக்கொண்டே இருக்கிறது, ஆனால் கைக்கு எதிர்ப்பு ஏறவில்லை என்றால் அந்த நொடியில் நிறுத்துங்கள். போல்ட் நிரந்தரமாக நீளத் தொடங்கிவிட்டது, அல்லது ஓட்டையின் மரை பிய்கிறது. இன்னும் அரைச் சுற்றில் டைட் ஆகிவிடும் என்று நினைத்துத் தொடர்கிற இடத்தில்தான் முறிகிறது. நிறுத்தினால் ஒரு போல்ட்டோடு போகும்.

பழைய போல்ட்டைப் பற்றிக் கேட்டீர்கள். நல்ல நட்டு ஒன்றை எடுத்து போல்ட்டின் மரை முழுக்க விரலால் ஓட்டிப் பாருங்கள். ஒரு இடத்தில் மட்டும் பிடித்தால் அங்கே போல்ட் நீண்டிருக்கிறது, தூக்கிப் போடுங்கள். எல்லா போல்ட்டையும் வரிசையாக நிறுத்தி நீளம் பாருங்கள், கழுத்து மெலிந்திருக்கிறதா என்று வெர்னியரில் அளந்து பாருங்கள். புதுக் கார் எஞ்சின்களில் முதலில் ஓர் அளவுக்கு இறுக்கி, பிறகு 90 டிகிரி திருப்பு என்று கோணக் கணக்கில் போடுகிற போல்ட்டுகள் பெரும்பாலும் ஒரு தடவைக்கு மட்டும்தான். மேனுவல் புதுசு போடச் சொன்னால் காசு பார்க்காதீர்கள்.

வாங்கும்போது தலையில் எண் பாருங்கள். 8.8 என்றால் இழுவிசை வலிமை 800 மெகாபாஸ்கல், அதில் 80 சதவீதம், அதாவது 640 வரை தாங்கித் திரும்பப் பழைய நீளத்துக்கு வரும். அங்குல போல்ட்டில் எண்ணுக்குப் பதில் கோடுகள், மூன்று கோடு கிரேடு 5, ஆறு கோடு கிரேடு 8. எதுவுமே இல்லாத போல்ட்டை எஞ்சினுக்குள் விடாதீர்கள்.

உவரிக் கரை:

நான் கடற்கரைக்காரன். எங்கள் ஊர் வண்டிகளில் கோர்க்கும்போது முறிவதற்கு விதை கழற்றும்போதே விழுந்துவிடுகிறது. உப்புக் காற்றில் அலுமினியக் கவருக்கும் இரும்பு போல்ட்டுக்கும் நடுவில் வெள்ளைப் பொடி பூத்து இரண்டையும் கட்டிவிடுகிறது. அப்படிப் பாதி முறுக்குப்பட்டுக் கழன்ற போல்ட்டைத் துடைத்துத் திரும்பப் போடுகிறார்கள், அது பாதி டைட்டிலேயே ஒடிகிறது. கஷ்டப்பட்டுக் கழன்ற போல்ட் எதையும் நான் திரும்பப் போடுவதில்லை.

துருப்பிடிக்காது என்று ஸ்டெயின்லெஸ் போல்ட் போடலாமா என்று எங்கள் பக்கம் அடிக்கடி கேட்கிறார்கள். உப்பு ஈரத்தில் அது அலுமினியத்தைத்தான் இன்னும் வேகமாக அரிக்கும். அதோடு அதன் பலமும் வேறு. முலாம் பூசிய நல்ல போல்ட்டில் பிடித்துக்கொள்ளாமல் தடுக்கும் ஆன்டி-சீஸ் பேஸ்ட்டை மெல்லிசாகத் தொட்டுப் போடுவதே மேல். அதுவும் வழுக்கும் பொருள்தான், மேலே சொன்னபடி இறுக்கத்தைக் குறைக்க வேண்டும்.

கழற்றும்போது அடம்பிடித்தால் துளைக்கும் எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி விடுங்கள். பிறகு அலுமினியத்தைச் சூடாக்குங்கள், போல்ட்டை இல்லை. ஒரே சூட்டில் அலுமினியம் இரும்பைவிடச் சுமார் இரண்டு மடங்கு விரியும், பிடி விடும். டீசல் டேங்க், ரப்பர் ஹோஸ் பக்கத்தில் நெருப்பு வேண்டாம், ஹாட் ஏர் கன் போதும். முதலில் இறுக்கும் பக்கம் ஒரு மயிரிழை, அப்புறம் கழற்றும் பக்கம் கொஞ்சம், இப்படி முன்னும் பின்னும் ஆட்டியே எடுக்க வேண்டும்.

டவுன் பட்டறை:

கவர் போல்ட்டில் நீளம் மாறுவதையும் சொல்லுங்கள். ஒரே கவரில் மூன்று விதமான நீளம் இருக்கும். நீள போல்ட்டைக் குட்டை ஓட்டையில் போட்டால் அடியில் முட்டி நின்றுவிடும், கவர் அமர்ந்திருக்காது. ஆயில் ஒழுகுகிறது என்று இன்னும் இறுக்குவார்கள், போல்ட் போய்விடும். குட்டை போல்ட்டை ஆழமான ஓட்டையில் போட்டால் இரண்டு மரை மட்டும் பிடித்து அலுமினியம் பிய்ந்து வரும்.

அட்டைப் பெட்டியில் கவரின் வடிவத்தை வரைந்து, போல்ட் வந்த இடத்திலேயே குத்தி வையுங்கள். அது தவறிப்போயிருந்தாலும் வழி உண்டு. இறுக்காமல் எல்லா போல்ட்டையும் ஓட்டையில் நிறுத்துங்கள். எல்லாத் தலையும் கவரிலிருந்து ஒரே உயரத்தில் நிற்க வேண்டும். ஒன்று தூக்கலாகவோ தாழ்வாகவோ நின்றால் அது இடம் மாறி வந்த போல்ட்.

இன்னொன்று, கவர் டவல் பின்னில் (இடம் பிசகாமல் நிறுத்தும் சிறு குச்சியில்) அமராமல் இருக்கும்போது போல்ட்டால் இழுத்து உட்கார வைக்காதீர்கள். கையாலும் ரப்பர் சுத்தியாலும் அமர்த்திவிட்டு அப்புறம் போல்ட். பேக்கிங் பேஸ்டை ஓட்டை வாயில் அப்பினால் அது உள்ளே போய், வள்ளியூர் அண்ணாச்சி முதலில் சொன்ன தண்ணீர் செய்கிற வேலையைச் செய்யும்.

அம்பை வயல்:

ஹெட் போல்ட்டுகளில் இரண்டு, நட்டு ஓட்டிப் பார்த்த சோதனையில் பிடித்தன, புதுசு வாங்கிவிட்டோம். ஒரு கேள்வி மட்டும் பாக்கி. ஓட்டிச் சூடாக்கிய பிறகு ஹெட்டைத் திரும்ப ஒரு தடவை இறுக்க வேண்டுமா?

வள்ளியூர் டீசல்:

கேஸ்கட் வகையைப் பொறுத்தது. மேனுவலோ கேஸ்கட் உறையோ சொன்னால் மட்டும் செய்யுங்கள். சொல்லியிருந்தால் எஞ்சின் சூட்டிலா, ஆறிய பிறகா என்பதையும் அங்கேயே பாருங்கள். அதே வரிசையில் ஒரு நேரத்தில் ஒரே ஒரு போல்ட், கொஞ்சம் தளர்த்தி உடனே குறித்த அளவுக்கு இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போங்கள். மொத்தத்தையும் ஒன்றாகத் தளர்த்தினால் கேஸ்கட் போச்சு. அதோடு வால்வை இயக்கும் டேப்பட்டின் இடைவெளியும் மாறியிருக்கும், அதையும் திரும்பப் பார்க்க வேண்டும்.

பணகுடி காற்றாலை:

இறுக்கி முடித்த ஒவ்வொரு போல்ட்டின் தலையிலிருந்தும் ஹெட் வரைக்கும் பெயின்ட் மார்க்கரால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். எது முடிந்தது, எது பாக்கி என்று குழப்பம் வராது. பிறகு எப்போதாவது கோடு இரண்டாக விலகியிருந்தால் போல்ட் திரும்பியிருக்கிறது என்று தூரத்திலிருந்தே தெரியும்.

மேலப்பாளையம் லேத்து:

இத்தனைக்கும் மேல் ஏதாவது முறிந்தால் முறிந்த துண்டைத் திருகி எடுக்கும் ஈஸி-அவுட்டைப் போட்டுத் திருகாதீர்கள். அது போல்ட்டை விடக் கடினமான இரும்பு, உள்ளே முறிந்தால் சாதாரண டிரில் அதைத் தொடாது. துண்டு வெளியே தலை நீட்டியிருந்தால் அதன்மேல் ஒரு நட்டை வைத்து வெல்டிங் பிடித்து, ஆறும் முன் மெதுவாகத் திருப்பினால் பெரும்பாலும் வந்துவிடும், சூடே பாதி வேலையைச் செய்துவிடும். பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு வெல்டிங் செய்யுங்கள். உள்ளே புதைந்திருந்தால் எதுவும் செய்யாமல் அப்படியே விட்டுவிட்டு எங்களைக் கூப்பிடுங்கள். நடுவில் நேராக ஓட்டை போட வேண்டிய வேலை அது, கையில் பிடித்த டிரில் ஓரத்துக்கு ஓடிவிட்டால் பிளாக்கின் மரையும் சேர்ந்து போய்விடும்.